மிஞ்சின சோற்றிலிருந்து லக்டிக் அமிலம்: கொழும்பில் முதல் சாடி வைப்பவர்களுக்கு

இரவு மிஞ்சின சோற்றில் தண்ணீர் ஊற்றி மூடி வைத்தால் காலையில் பழஞ்சோறு. சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் கடித்துக்கொண்டு சாப்பிடலாம். அதே சோற்றை மீன் முள்ளோடும் கறிச்சட்டி எண்ணெயோடும் பொலித்தீன் பையில் கட்டி வாசலில் வைத்தால் காலையில் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் கதவைத் திறக்க வேண்டும். சோறும் ஒன்று, இரவும் ஒன்று. அதில் முதலில் குடியேறிய நுண்ணங்கி எது என்பதுதான் வேறு.

பழஞ்சோற்றைப் புளிக்க வைப்பது லக்டிக் அமிலம். 1780இல் சுவீடன் நாட்டு வேதியியலாளர் ஷேலே புளித்த பாலிலிருந்து முதலில் பிரித்தெடுத்த அமிலம் அதுதான். இன்று அழகுசாதனப் பொருட்கள், தோல் பதனிடல், உணவுப் பதப்படுத்தல், மக்கக்கூடிய பிளாஸ்டிக் என்று பல இடங்களில் தேவைப்படுகிறது. உலகில் உற்பத்தியாகும் லக்டிக் அமிலத்தின் பெரும்பகுதி நொதித்தல் மூலம்தான் வருகிறது. அதற்குப் போடும் மூலப்பொருள் சோள மாப்பொருளும் கரும்புச் சீனியும். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் ஒவ்வொரு இரவும் கடை மூடும் நேரத்தில் கொட்டப்படும் சோற்றிலும் பாணிலும் இருப்பதும் மாப்பொருள்தான்.

இந்த வழிகாட்டி இதுவரை ஒரு சாடியும் வைத்துப் பார்க்காதவர்களுக்கானது. பாடசாலையில் படித்த விஞ்ஞானம் கொஞ்சம் நினைவில் இருந்தால் போதும். ஒரு கிலோ மிஞ்சின சோறு, கோவா இலை, முட்டைக்கோது ஆகியவற்றைக் கொண்டு மூன்று வாரத்தில் கல்சியம் லக்டேற்று என்ற வெள்ளை உப்பைப் பளிங்காக எடுப்பதுதான் இலக்கு. கையில் வருவது சாப்பிடும் பொருள் அல்ல. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகும் சொல்வேன்.

இதை ஏன் இவ்வளவு பிடிவாதமாக எழுதுகிறேன் என்றும் சொல்ல வேண்டும். 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாள். மீதொட்டமுல்லையில் குப்பைமலை சரிந்து வீடுகளை மூடியது. முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நம் நகரத்துக் குப்பையில் பெரும்பங்கு ஈரமான உணவுக் கழிவு. காற்றுப் புகாத குவியலுக்குள் அதை நுண்ணங்கிகள் படிப்படியாக உடைக்கின்றன. மாப்பொருள் சீனியாகிறது, சீனி அமிலமாகிறது, அமிலம் கடைசியில் மெதேன் வாயுவாகிறது. நாம் கூப்பிடாமலே அந்த வேலை அங்கே நடந்துகொண்டிருந்தது. நாம் செய்யப்போவது, அந்தப் பயணத்தை நடுவழியில், அமிலம் என்ற தரிப்பிடத்தில் நிறுத்துவதுதான்.

எந்தக் கழிவு

புதிதாகத் தொடங்கும் எல்லாரும் நுண்ணங்கியைப் பற்றித்தான் முதலில் கேட்கிறார்கள். எந்தப் பற்றீரியா, எங்கே வாங்கலாம் என்று. என் அனுபவத்தில் பாதி வெற்றி அதற்கு முன்னரே, கழிவைச் சேர்க்கும் இடத்தில் தீர்மானமாகிவிடுகிறது. குப்பைத் தொட்டிக்குள் ஒருமுறை விழுந்த சோறு உங்களுக்கு உதவாது. தொட்டிக்குப் போகும் வழியில் அதை மறித்துப் பிடிக்க வேண்டும்.

ஒரே வகைக் கழிவை மட்டும் எடுங்கள். வெறும் சோறு என்றால் வெறும் சோறு. கறி பிசைந்த சோற்றுப் பார்சல் மிச்சம் வேண்டாம். அதிலுள்ள தேங்காய்ப்பால் கொழுப்பு மேலே படலமாக நிற்கும், உப்பு பற்றீரியாவை மந்தமாக்கும், மீனும் இறைச்சியும் அழுகலைக் கூட்டி வரும். துருவிப் பிழிந்த தேங்காய்ச் சக்கையும் இந்த வேலைக்கு ஆகாது. அதில் இருப்பது நாரும் கொழுப்பும்தான், சீனி மிகக் குறைவு. தோடம்பழத் தோலில் உள்ள வாசனை எண்ணெய் நுண்ணங்கிகளை அடக்கிவிடும். அன்னாசித் தோல், கனிந்து கறுத்த வாழைப்பழம், பப்பாசி ஆகியவற்றில் சீனி நிறைய உண்டு. ஆனால் அவற்றின் தோலிலேயே மதுவம் (ஈஸ்ட்) குடியிருப்பதால் முதல் முயற்சியிலேயே அவை கள்ளாகத் திரும்பிவிடும். ஆகவே முதல் சாடிக்குச் சோறு. பாண் ஓரங்களும் பரவாயில்லை, பூஞ்சணம் பிடிக்காமல் இருந்தால்.

வீட்டில் ஒரு கிலோ சேரக் கொஞ்ச நாளாகும். மிஞ்சுவதை அன்றன்றே ஐஸ்கிறீம் டப்பாவில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் உறைபகுதியில் வையுங்கள். அறை வெப்பத்தில் சேர்த்து வைக்காதீர்கள். கொழும்புச் சூட்டில் சில மணி நேரத்திலேயே பசிலஸ் செரியஸ் என்ற பற்றீரியா சோற்றில் பெருகும். அது விடும் நஞ்சுகளில் ஒன்று கொதிக்க வைத்தாலும் அழியாது. சாடியிலிருந்து வருவதை வாயில் வைக்கக் கூடாது என்பதற்கு இது முதல் காரணம்.

தெரிந்த சாப்பாட்டுக் கடை இருந்தால் கேட்கும் முறையும் முக்கியம். "கழிவு தாங்கோ" என்று கேட்டால் தொட்டியைக் காட்டுவார்கள். "அண்ணா, சட்டியில மிஞ்சுற வெள்ளைச் சோறு மட்டும், இந்த வாளிக்குள்ள" என்று மூடியுள்ள சுத்தமான வாளியை நீங்களே கொடுங்கள். கொத்துக் கடையில் முட்டைக்கோதையும் தனியாகப் போடச் சொல்லுங்கள். நமக்கு அதுவும் வேண்டும்.

குடியேற்றப் போகும் பற்றீரியா

தயிரை உறைய வைக்கும் பற்றீரியா போதாதா என்று கேட்பீர்கள். போதாது. யோகட் பற்றீரியாக்கள் பால்வெல்லத்துக்குப் பழகியவை. சோற்றிலிருந்து நமக்குக் கிடைக்கப்போவது பெரும்பாலும் மோல்ற்றோசு என்ற சீனி. அதை அவை பெரும்பாலும் தொடுவதில்லை. தோசை மா புளிக்கையில் வேலை செய்பவை நெருங்கிய சொந்தம்தான், ஆனால் அங்கே வாயு விடும் வகைகளும் மதுவமும் கலந்திருக்கும். நமக்கு வேண்டியது லக்டோபசிலஸ் பிளாந்தாரம். மரக்கறி இலைகளில் இயற்கையாகவே இருக்கும், மோல்ற்றோசையும் உண்ணும், புளிப்பைத் தாங்கும், 30 பாகையில் நன்றாக வளரும். ஆண்டு முழுக்க 27, 28 பாகையைச் சுற்றி நிற்கும் கொழும்புக் காலநிலை அதற்குச் செலவில்லாத சூடேற்றும் பெட்டி.

அதை வளர்க்கக் கோவாவின் வெளி இலை ஒரு கிலோ எடுங்கள். பேலியகொடை மெனிங் சந்தையில் மூட்டை பிரிக்கும் இடத்தில் உரித்துப் போடும் இலையே போதும். அழுகலை நீக்கி ஒருமுறை அலசுங்கள். தேய்த்துக் கழுவினால் வேண்டியவையும் போய்விடும். மெல்லியதாக அரிந்து 25 கிராம் உப்புப் போட்டுக் கையால் நன்றாகப் பிசையுங்கள். பத்து நிமிடத்தில் இலை தன் தண்ணீரை விடும். கண்ணாடிச் சாடியில் அமுக்கி, இலை முழுதும் அந்தத் தண்ணீருக்குள் மூழ்க, மேலே சிறிய கண்ணாடிக் கிண்ணம் ஒன்றைப் பாரமாக வையுங்கள். மூடியை இறுக்காமல் விடுங்கள்.

முதல் இரண்டு மூன்று நாள் குமிழி வரும். அது லூக்கோனொஸ்ரொக் என்ற முன்னோடிக் கூட்டத்தின் வேலை. புளிப்பு ஏற ஏற அது ஒதுங்கி, பிளாந்தாரம் இடத்தைப் பிடிக்கும். ஏழெட்டு நாளில் குமிழி அடங்கி, தண்ணீர் கலங்கலாகி, பீஎச் தாளில் 4க்குக் கீழே காட்டினால் (எண் குறையக் குறையப் புளிப்பு கூட) கரைசல் தயார். மேலே மெல்லிய வெண்படலம் பிடித்தால் அகப்பையால் எடுத்துவிடலாம். கறுப்பாகவோ இளஞ்சிவப்பாகவோ மயிர் போல முளைத்திருந்தால் முழுவதையும் கொட்டிவிட்டுத் திரும்பத் தொடங்குங்கள்.

சோற்றைச் சீனியாக்குதல்

பிளாந்தாரம் சீனியைத் தின்னும், மாப்பொருளைப் பெரும்பாலும் தொடாது. ஆகவே மாப்பொருளின் நீண்ட சங்கிலியை நாம்தான் வெட்டிக் கொடுக்க வேண்டும். வெட்டும் கத்தி அமிலேசு என்ற நொதியம். அதைப் புட்டியில் விலைக்கு வாங்கலாம். வாங்காமலும் ஆக்கலாம், முளைக்கும் தானியம் எல்லாவற்றிலும் அது உண்டு. நம் பக்கத்துத் தானியங்களில் குரக்கன் இதற்கு நல்லது.

கோவாச் சாடி வைத்த அன்றே குரக்கனையும் ஊறப்போட்டால் நேரம் சரியாக வரும். முழுக் குரக்கன் 200 கிராமை ஓர் இரவு ஊறவைத்து, வடித்து, ஈரத்துணியில் கட்டி இரண்டு மூன்று நாள் முளைக்க விடுங்கள். துணி காயாமல் தண்ணீர் தெளியுங்கள். முளை நன்றாக வெளியே தெரிந்ததும் வெயிலில் உலர்த்தி, முளைவேரைக் கையால் கசக்கி நீக்கி அரையுங்கள். வறுக்கக் கூடாது. வறுத்தால் நொதியம் செத்துப்போகும். கடையில் விற்கும் சாதாரணக் குரக்கன் மாவும் இதற்கு ஆகாது, அது முளைக்காத தானியம். மழைக்காலத்தில் மொட்டைமாடியில் உலர்த்த முடியாவிட்டால் மின்விசிறிக்கு அடியில் தட்டில் பரப்பி உலர்த்துங்கள்.

இப்போது ஒரு கிலோ சோற்றை இரண்டு லீற்றர் தண்ணீருடன் அடித்துக் கஞ்சியாக்கி ஒரு கொதி வர விடுங்கள். 65 பாகைக்கு ஆறியதும் முளைக்குரக்கன் மா 100 கிராமைப் போட்டுக் கலக்குங்கள். 60க்கும் 65க்கும் இடையே ஒன்று, ஒன்றரை மணி நேரம் நிற்க வேண்டும். சமையல் வெப்பமானி இல்லாமல் இந்தப் படியைத் தொடாதீர்கள். 70ஐத் தாண்டினால் மோல்ற்றோசு ஆக்கும் நொதியம் வேகமாகக் கெடும், 50க்குக் கீழே போனால் வேலை இழுபடும். சட்டியைத் தடித்த துவாயில் சுற்றி வைத்தாலே சூடு நிற்கும். சோற்றுக் குக்கரின் சூடுகாக்கும் நிலையும் உதவும், ஆனால் பல குக்கர்கள் 65ஐத் தாண்டும். இடையிடையே அளந்து, தேவைப்பட்டால் மூடியைத் திறந்து விடுங்கள்.

கால் மணி நேரத்திலேயே கஞ்சி தண்ணீராக இளகும். முதல் தடவை அதைப் பார்த்தபோது எனக்கு உண்டான சந்தோஷம் இப்போதும் குறையவில்லை. கட்டியாகக் கரண்டியில் ஒட்டிய கஞ்சி, நான் ஒன்றும் செய்யாமலே பாயும் நீராகிறது. முடிந்ததா என்று பார்க்க ஐயடீன் போதும், பார்மசியில் புண்ணுக்கு விற்பதுதான். வெள்ளைத் தட்டில் ஒரு துளி கஞ்சி, பக்கத்தில் ஒரு துளி ஐயடீன், இரண்டையும் சேருங்கள். கருநீலம் வந்தால் மாப்பொருள் இன்னும் இருக்கிறது. மஞ்சள் கபிலமாகவே நின்றால் வெட்டு முடிந்துவிட்டது. ஐயடீன் கலந்த துளியைச் சட்டிக்குள் திரும்ப விடாதீர்கள்.

பத்து நிமிடம் கொதிக்க வைத்து, துணியில் வடித்து, 35 பாகைக்குக் கீழே ஆற விடுங்கள். ஒரு கிலோ சோற்றில் ஏறத்தாழ 280 கிராம் மாப்பொருள் இருக்கும். முழுதும் மோல்ற்றோசானால் ஏறத்தாழ 295 கிராம் வரும். வீட்டு முறையில் முழுதும் ஆகாது, துணியிலும் கொஞ்சம் தங்கிவிடும்.

சாடி வைத்தல்

ஐந்து லீற்றர் கண்ணாடிச் சாடி ஒன்றைக் கொதிநீரால் அலசுங்கள். ஆறிய சீனிநீரை ஊற்றி, ஒவ்வொரு லீற்றருக்கும் 100 மில்லிலீற்றர் கோவாத் தண்ணீர் சேருங்கள். சாடியில் கால்பங்காவது வெறுமையாக இருக்க வேண்டும், நுரை எழும்.

லக்டிக் அமிலப் பற்றீரியாக்கள் சாப்பாட்டில் மிகவும் தெரிவு பார்ப்பவை. சீனி மட்டும் கொடுத்தால் சோர்ந்துபோகும். புரதத் துணுக்கும் பீ வகை விற்றமினும் வேண்டும். ஆய்வுகூடங்களில் இதற்கு மதுவச் சாறு என்ற பொருளைப் போடுவார்கள். நம் வீட்டு அலுமாரிகளில் அது வேறு பெயரில் இருக்கிறது: மார்மைட். ஒரு தேக்கரண்டியைச் சுடுநீரில் கரைத்து ஊற்றுங்கள். இல்லாவிட்டால் பருப்பு அவித்த தண்ணீர் ஒரு கோப்பை, உப்பும் மஞ்சளும் போடாமல்.

மூடியை ஒருபோதும் இறுக்காதீர்கள். இனி வரும் படியில் காபனீரொட்சைட்டு நிறைய வெளியேறும், இறுக்கிய கண்ணாடிச் சாடி வெடிக்கும். சுத்தமான துணியைக் கட்டி அதன்மேல் மூடியைச் சும்மா வைத்தால் போதும். காற்றோட்டமுள்ள, நேர் வெயில் படாத மூலை நல்லது. சாடியில் திகதியையும் "நஞ்சு, குடிக்க வேண்டாம்" என்பதையும் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி ஒட்டுங்கள். கஞ்சி போலத் தெரியும் ஒன்றை வீட்டில் யாரும் தவறி எடுத்துக் குடித்துவிடக் கூடாது.

முட்டைக்கோதின் வேலை

அமிலம் கூடக் கூட அதை ஆக்கும் பற்றீரியாவே திணறும். பீஎச் 4க்குக் கீழே போகப் போக வேலை மந்தமாகி நின்றுவிடும். சீனி பாதி மிஞ்சும். அமிலத்தை உடனுக்குடன் நடுநிலையாக்கினால் வேலை தொடரும். 1881இல் அமெரிக்காவில் முதன்முதலாக லக்டிக் அமிலத் தொழிற்சாலை தொடங்கிய காலம் முதல் இதற்குச் சுண்ணாம்புச் சேர்மங்களைத்தான் பாவிக்கிறார்கள். முட்டைக்கோதில் ஏறத்தாழ 95 சதவீதம் கல்சியம் காபனேற்று. ஒரு கழிவைத் திருத்த இன்னொரு கழிவு.

இருபத்தைந்து முட்டைக்கோது அளவில் சேருங்கள். கழுவி, பத்து நிமிடம் அவித்து, உள்தோலை உரித்து, உலர்த்தி, மாவாக அரையுங்கள். எவ்வளவு மென்மையோ அவ்வளவு விரைவாகக் கரையும். தராசில் நிறுத்து எடையை எழுதி வையுங்கள். இந்த எடைதான் பிறகு உங்கள் அளவுகோல்.

இனி நான் பிழைவிட்ட இடம். முதல் சாடியில் கோது மா முழுவதையும் முதல் நாளே கொட்டினேன். மூன்றாம் நாள் சிக்குப் பிடித்த வெண்ணெய் நாற்றம், நாலாம் நாள் வாந்தி நாற்றம். நடந்தது இதுதான்: அமிலம் தலைகாட்டும்போதே கோது அதை அணைத்துவிட்டது, சாடி புளிக்கவே இல்லை. புளிப்பு இல்லாத, காற்றும் இல்லாத அந்த இடத்தில், கொதியிலும் சாகாத வித்துகளிலிருந்து குளொஸ்ரிடியம் என்ற பற்றீரியா எழுந்து, உருவான லக்டேற்றையே தின்று பியூற்றிரிக் அமிலமாக்கியது. லக்டிக் நொதித்தலைச் செய்வது உயிருள்ள நுண்ணங்கி என்று 1857இல் எழுதிய லூயி பாஸ்ரர், 1861இல் இந்தப் பியூற்றிரிக் நொதித்தலில்தான் காற்றில்லாமல் வாழும் உயிரையே கண்டுபிடித்தார். அந்த அமிலத்தையும் வீணென்று சொல்ல முடியாது. எதனோலுடன் சேர்த்தால் அன்னாசி மணம் தரும் எசுத்தர் ஆகும். ஆனால் தொடர்மாடி வீட்டில் அதை வைத்துக்கொண்டு அயலவரோடு சமாதானமாக இருக்க முடியாது.

ஆகவே பொறுங்கள். சாடி முதலில் புளிக்கட்டும். பீஎச் தாள் 4.5 அளவைக் காட்டும்வரை, வழக்கமாக ஒரு நாள் அல்லது ஒன்றரை நாள், கோதைத் தொடாதீர்கள். பிறகு ஒரு மேசைக்கரண்டி போட்டு மரக்கரண்டியால் கலக்குங்கள். நுரைத்துப் பொங்கும். அடங்கிய பின் மூடுங்கள். காலையும் மாலையும் தாளைப் பார்த்து, திரும்ப 4.5க்கு வந்திருந்தால் மட்டும் அடுத்த கரண்டி. 5.5க்கு மேல் ஏற விடாதீர்கள். ஐந்தாறு நாள் போனதும் ஒரு முழு நாள் விட்டுப் பார்த்தாலும் பீஎச் இறங்காது. சீனி தீர்ந்துவிட்டது, அல்லது பற்றீரியா களைத்துவிட்டது.

மூக்கை நம்புங்கள்

கருவி வாங்கக் காசில்லாதவர்களுக்கு மூக்குதான் ஆய்வுகூடம். ஒவ்வொரு நாளும் மூடியைத் தூக்கி, கையால் காற்றை மெல்ல விசிறி முகர்ந்து, ஒரு கொப்பியில் எழுதுங்கள். மோர், தயிர், புளித்த தோசை மா வாசம் வந்தால் எல்லாம் நலம். கள்ளு வாசம் வந்தால் மதுவம் புகுந்திருக்கிறது. கோவாத் தண்ணீரைக் கூடுதலாகச் சேர்த்து அடுத்த சாடியைத் தொடங்குங்கள். மூக்கை உறுத்தும் வினாகிரி நெடி என்றால் காற்று அதிகம் படுகிறது. கரைசலின் மேல் வெறும் இடம் கூடிவிட்டது என்று அர்த்தம், சிறிய சாடிக்கு மாற்றுங்கள். சிக்குவாடை தொடக்கத்திலேயே தெரிந்தால் கோது போடுவதை நிறுத்திப் புளிக்க விடுங்கள், சில வேளை காப்பாற்றலாம். அழுகின முட்டை, அழுகின இறைச்சி நாற்றம் என்றால் காப்பாற்றப் பார்க்காதீர்கள்.

எழுதி வைப்பதைச் சிலர் அலட்சியம் செய்கிறார்கள். திகதி, வெப்பம், பீஎச், போட்ட கோதின் எடை, வாசம், இந்த ஐந்தும் இல்லாத சாடி நன்றாக வந்தாலும் திரும்பச் செய்ய முடியாது. அது அதிர்ஷ்டம் மட்டுமே.

எவ்வளவு ஆக்கினீர்கள்

சாடியின் அடியில் கரையாமல் கிடக்கும் கோதை வடித்து, கழுவி, உலர்த்தி நிறுங்கள். போட்டதிலிருந்து இதைக் கழித்தால் கரைந்தது தெரியும். ஒரு கிராம் கல்சியம் காபனேற்று கரைய 1.8 கிராம் லக்டிக் அமிலம் வேண்டும். 50 கிராம் கோது கரைந்திருந்தால், கோதில் 95 சதவீதம்தான் காபனேற்று என்பதால், ஏறத்தாழ 85 கிராம் அமிலம். வேறு அமிலங்கள் கலந்திருந்தால் அவையும் கோதைக் கரைத்திருக்கும், கோவாத் தண்ணீரோடு வந்த புளிப்பும் கொஞ்சம் கரைத்திருக்கும். ஆகவே இதை உச்சவரம்பாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் சாடியில் 50 கிராம் கோது கரைந்தால் நீங்கள் நன்றாகவே செய்திருக்கிறீர்கள்.

பளிங்கு எடுத்தல்

கரைசலை 80 பாகைக்குச் சூடாக்குங்கள். பற்றீரியா இறக்கும், புரதம் திரளும். ஒரு மணி நேரம் அடைய விட்டு, மேல்நீரைத் தடித்த துணியில் இரண்டு முறை வடியுங்கள். அகலமான எவர்சில்வர் சட்டியில் மெல்லிய நெருப்பில் மூன்றில் ஒரு பங்காக வற்ற வையுங்கள். அலுமினியச் சட்டி வேண்டாம், ஜன்னலைத் திறந்து வையுங்கள். சூட்டோடு இன்னொருமுறை வடித்து, மூடிய பாத்திரத்தில் ஒரு நாள் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள், சாப்பாட்டிலிருந்து விலக்கி.

கல்சியம் லக்டேற்று சுடுநீரில் நன்றாகக் கரையும், குளிர்நீரில் குறைவாகவே கரையும். அதனால் ஆறும்போது சிறு வெண்கொத்துகளாக, பூக்கோவா போலத் திரளும். வடித்து, மிகக் கொஞ்சம் பனிக்குளிர் நீரால் அலசுங்கள். முதல் முறை மண்ணிறமாக இருக்கும். திரும்பக் கொஞ்சம் சுடுநீரில் கரைத்துக் குளிரவிட்டால் வெண்மை கூடும், எடை குறையும். இந்தப் பேரம் ஒவ்வொரு முறையும் உண்டு.

இந்த உப்பிலிருந்து அமிலத்தைப் பிரிக்கச் சல்பூரிக் அமிலம் வேண்டும். வீட்டில் வேண்டாம். ஆசிரியர் மேற்பார்வையில், கையுறையும் கண்ணாடியும் உள்ள ஆய்வுகூடத்தில் மட்டும். அங்கே கல்சியம் ஜிப்சமாக அடியில் படியும், அமிலம் மேலே நிற்கும். ஒரு தொன் லக்டிக் அமிலம் எடுத்தால் ஏறக்குறைய ஒரு தொன் ஜிப்சமும் வரும். ஒரு கழிவைத் தீர்க்கப்போய் இன்னொன்றைக் குவிக்கும் இந்த முறையிலிருந்து விலகத்தான் மென்சவ்வு வடிகட்டல், மின்பிரிப்பு, புளிப்பைத் தாங்கும் மதுவம் என்று இன்று ஆய்வுகள் போகின்றன. மேற்படிப்பு யோசிக்கும் பிள்ளைகளுக்கு என் யோசனை, இந்தப் பிரித்தெடுக்கும் பக்கத்தைப் பிடியுங்கள். ஆட்கள் குறைவு, வேலை நிறைய.

விற்கலாமா

எல்லாரும் இதைக் கேட்பார்கள். கணக்கைப் பார்ப்போம். உங்கள் கரைசலில் 5 சதவீதம் பொருள் என்று வையுங்கள். ஒரு கிலோ எடுக்க 19 லீற்றர் தண்ணீரை ஆவியாக்க வேண்டும். அதற்கு வெப்பம் ஒன்றும் வீணாகாவிட்டாலும் 12 அலகுக்கு மேல் மின்சாரம் செலவாகும். சோறு இலவசம், பற்றீரியா இலவசம், கோது இலவசம். தண்ணீரை விரட்டத்தான் காசு. இந்தத் தொழிலில் பணம் போகும் இடம் நொதிக்கும் சாடி அல்ல, அதற்குப் பின்னால் வரும் அடுப்பு.

இன்னொரு தடையும் உண்டு. லக்டிக் அமில மூலக்கூறில் இடக்கை, வலக்கை போல இரண்டு வடிவங்கள். பிளாந்தாரம் இரண்டையும் கலந்து ஆக்கும். மக்கும் பிளாஸ்டிக்குக்கு ஏறக்குறைய ஒரே வடிவம்தான் வேண்டும். அதற்கு ஆய்வுகூடத்தில் தெரிந்தெடுத்த தனி இனம் வேண்டும், காற்றிலிருந்து வேறொன்றும் விழாத கலனும் வேண்டும். ஆகவே வீட்டுச் சாடி கற்பதற்கு. வியாபாரம் என்று யோசித்தால் கடைகளிலிருந்து ஒரே தரமான கழிவு ஒவ்வொரு நாளும் வருவதற்கான ஒழுங்கை முதலில் கட்டுங்கள். பிறகு மாதிரியைக் கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனம் போன்ற இடத்தில் பரிசோதித்து அறிக்கை பெறுங்கள். மத்திய சுற்றாடல் அதிகாரசபையிடம் உரிமப்பத்திரம் பற்றியும், உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் இடம் பற்றியும் கேளுங்கள். பொருளை வாங்குபவர் எவ்வளவு தூய்மை கேட்கிறார் என்று தெரியாமல் கலன் வாங்க வேண்டாம்.

அன்னாசித் தோலில் வினாகிரி ஆக்குவது இதைவிட இலகு என்று சொல்வார்கள். முறை இலகுதான். மதுவம் சீனியை எதனோலாக்கும், பிறகு காற்றில் வாழும் பற்றீரியா அதை அசற்றிக் அமிலமாக்கும். ஆனால் நடுவில் மது வருகிறது. அனுமதியில்லாமல் மது ஆக்குவது 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டப்படி குற்றம். அதைத் தொழிலாகச் செய்ய நினைப்பவர்கள் முதலில் மதுவரித் திணைக்களத்திடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். புதியவர்களைச் சோற்றில் தொடங்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

மிச்சம்

துணியில் தங்கிய சோற்றுச் சக்கை, புளித்த கோவா, கரையாத கோது மூன்றும் பசளைக் குழிக்குப் போகலாம். குழி இல்லாத தொடர்மாடிக்காரர்கள் ஈரத்தை நன்றாகப் பிழிந்து உக்கும் குப்பையோடு கொடுங்கள். பளிங்கை உலர்த்தி, மூடியுள்ள கண்ணாடிப் போத்தலில் இட்டு, பெயரும் திகதியும் எழுதி, சமையலறைக்கு வெளியே வையுங்கள். சீனி என்று நினைத்து யாராவது தேநீரில் போட்டுவிடும் நிறம் அது.

சாடியைச் சூடாக்குவதற்கு முன் 200 மில்லிலீற்றர் கரைசலை எடுத்துத் தனியே குளிர்சாதனப் பெட்டியில் வைக்க மறக்காதீர்கள். தயிர் வாசம் நன்றாக இருந்த சாடியிலிருந்து மட்டும் எடுங்கள். சோற்றுச் சீனிக்கு ஏற்கெனவே பழகிய பற்றீரியா அதில் இருக்கிறது. ஒரு வாரத்துக்குள் ஊற்றினால் அடுத்த சாடிக்குக் கோவா அரியத் தேவையில்லை.